மாரி தாங்குமா இந்தப் பெட்டி? எட்டுச் சட்டத் தேனீப் பெட்டித் தொகுதி ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் தேனீப் பெட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில்தான் வாங்குகிறார்கள். வேம்பு பூத்திருக்கும், கூட்டங்கள் பெருத்திருக்கும், எந்தப் பெட்டியில் விட்டாலும் தேனீ தங்கும். அந்த நேரத்தில் நல்ல பெட்டிக்கும் மோசமான பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஐப்பசி வந்தால் தெரியும். மழை தொடங்கி மூன்றாவது கிழமை மூடியைத் திறந்து பாருங்கள். பலகை ஊறியிருக்கிறதா, ஓர வதையில் (தேனீ கட்டும் மெழுகு அடையில்) பூஞ்சணமா, அடிப்பலகையில் மெழுகுப்புழு நெளிகிறதா, அல்லது பெட்டியே வெறுமையா? தச்சுவேலையின் தரம் அங்கேதான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டது குடாநாட்டுத் தச்சுப்பட்டறைகளில் செய்து, வீட்டு வளவில் வளர்ப்பவர்களுக்கென்று முழுத் தொகுதியாக விற்கப்படும் பெட்டி. அடிப்பலகை, வதை கட்டுவதற்கான எட்டு மரச்சட்டம் கொண்ட புழு அறை (ராணி முட்டையிட்டுத் தேனீக் குஞ்சு வளரும் அறை), அதன்மேல் ஒரு தேன் அறை, ஒட்டுப்பலகை உள்மூடி, தகரம் அடித்த மேல்மூடி, இரும்புத் தாங்கி, தாங்கியின் கால்களுக்கு நாலு பிளாஸ்ரிக் கிண்ணம், ஒரு லீற்றர் தீனித்தட்டு, வாசலுக்கு ஒரு ராணித் தடுப்புத் தகடு (வேலைத் தேனீ போகும், ராணி போக முடியாத துளைகள் உள்ளது). ஒன்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் இதே வடிவைச் செய்கின்றன, குறைகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. விலையும் பலகையின் விலையோடு ஏறி இறங்குவதால் அதையும் விட்டுவிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, பெட்டிக்குக் கம்பளி சுற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அங்கே வளர்ப்பது ஐரோப்பியத் தேனீ. பனிக்காலம் முழுவதும் அது பந்துபோலத் திரண்டு உடம்பை அசைத்துச் சூடு உண்டாக்கி இருக்கும். அதற்கு ஒரு பெட்டிக்கு இருபது, முப்பது கிலோ தேன் மிச்சம் விடுவார்கள். நம்முடையது இந்தியத் தேனீ. தை மாதத்து இரவில்கூட இங்கே வெப்பம் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. யாழ்ப்பாணத்தில் தேனீயைப் பெட்டியை விட்டுத் துரத்துவது ஈரமும் பசியும். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் புழுவும் எறும்பும் வந்து மிச்சத்தை முடிக்கும். மலைநாட்டு ஆலோசனையும் அப்படியே பொருந்தாது. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு நிலையம் பண்டாரவளை பிந்துனுவெவையில் இருக்கிறது. அந்தப் பக்கம் யூக்கலிப்டஸ் பூவை நம்பி வைத்த நாட்காட்டி வேறு, வேம்பையும் பனையையும் நம்பிய நம் நாட்காட்டி வேறு.

பலகையில் இருந்து தொடங்குவோம். 22 மில்லிமீற்றர் தடிப்பு, இலகுவான மரம், நன்றாகக் காய்ந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டங்களும் நேர்த்தி. நடுவுக்கு நடு 32 மில்லிமீற்றர், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் 8 மில்லிமீற்றர். இந்த எட்டு மில்லிமீற்றர்தான் பெட்டியின் உயிர். இதைவிட ஒடுங்கினால் தேனீ போக முடியாது. அகன்றால் இடைவெளியில் வதை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு பிணைத்துவிடும், பிறகு ஒரு சட்டத்தை எடுக்க இரண்டு வதையைக் கிழிக்க வேண்டும். 1910களில் தென்னிந்தியாவில் அருட்தந்தை நியூட்டன் சிறிய இந்தியத் தேனீக்கென்று பெட்டி வடிவமைத்ததன் நோக்கமே இந்த அளவுகளை நம் தேனீயின் உடம்புக்கு இறக்குவதுதான். இந்தப் பெட்டியும் அந்த வழியில் வந்தது. ஐரோப்பியத் தேனீயின் பெரிய பெட்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வைப்பவர்கள் மாரியில் படும் பாடு வேறு கதை. நாலு சட்டம் தேனீ பத்துச் சட்டப் பெட்டியில் இருந்தால், மிச்ச இடம் முழுவதும் பூஞ்சணத்துக்கும் புழுவுக்கும் விட்ட குத்தகை.

மூலைப் பொருத்துக்கு வந்தால்தான் பிரச்சினை. பலகையின் முனையை மற்றப் பலகையின் பக்கத்தில் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள், பசை இல்லை. பலகை மழையில் ஊறி வெயிலில் காயும். ஒவ்வொரு முறையும் ஆணி கொஞ்சம் தளரும். ஒரு மாரி முடிய மூலைகளில் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் வெடிப்பு நிச்சயம். ஐரோப்பியத் தேனீ என்றால் மரப்பிசின் கொண்டுவந்து அந்த வெடிப்பைத் தானே அடைத்துவிடும். இந்தியத் தேனீக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தச்சன் விட்ட இடைவெளி கடைசிவரை இடைவெளியாகவே இருக்கும். மெழுகுப்புழுவின் தாயான மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடத் தேடுவதும் இப்படியான வெடிப்பைத்தான். இதைத் தெரிந்துதான் கைவிரல் கோர்த்ததுபோல் பல்வைத்துப் பொருத்துவார்கள் நல்ல தச்சர்கள். அப்படிச் செய்து தரச் சொல்லிக் கேட்டால் கூலி கூடும், கூடட்டும்.

வாங்கிய பிறகு திருத்த விரும்பினால், பெட்டி வெறுமையாக இருக்கும்போதே மரப்பசையோடு சலித்த மரத்தூளைக் குழைத்து வெடிப்பில் அழுத்தி ஒரு நாள் காயவிடுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு திருகாணி போடுங்கள். தேனீ குடியிருக்கும் பெட்டி என்றால் தேன்மெழுகு. அது 62 முதல் 64 பாகையில் உருகும், ஆகவே நேரே அடுப்பில் வைக்காமல் கொதிநீருக்குள் பேணியை வைத்து உருக்கி, பழைய தூரிகையால் வெளிப்புற வெடிப்பில் தடவினால் போதும். பெயின்ற் வெளிப்பக்கம் மட்டும், வெளிர் நிறத்தில் இரண்டு பூச்சு. உள்ளே பூசினால் பலகை ஈரத்தை உறிஞ்சாது. சுவரில் வியர்த்து நீர் வழியும். பூசி இரண்டு கிழமையாவது மணம் போகக் காற்றாட வைத்த பின்தான் தேனீயை விடலாம்.

ஏன் இந்தத் தேனீக்கு உள்ஈரம் இவ்வளவு பெரிய விடயம்? வாசலில் நின்று சிறகடித்துக் காற்றோட்டம் செய்யும்போது இந்தியத் தேனீ தலையை வெளிப்புறம் வைத்து நிற்கும். காற்று வெளியிலிருந்து உள்ளே தள்ளப்படும். ஐரோப்பியத் தேனீ நேரெதிர்: தலையை உள்ளே வைத்து, உள்காற்றை வெளியே இழுத்துவிடும். மார்கழியில் வெளிக்காற்றே நனைந்த துணிபோல இருக்கும்போது அதையே உள்ளே தள்ளினால் பெட்டி காயுமா? ஆகவே ஈரம் வெளியேற மேலே வழி இருக்க வேண்டும். மேல்மூடியின் இரு முகப்பிலும் வலை அடித்த துளை வைத்திருப்பது இந்தத் தொகுதியில் மிகவும் புத்திசாலித்தனமான வேலை. ஆனால் அதே மூடிக்குக் கீழே ஒட்டுப்பலகை உள்மூடியைப் போட்டு அந்தத் துளைகளின் பயனைப் பாதியாக்கிவிட்டார்கள். ஒட்டுப்பலகை ஒரு மாரியில் அடுக்கடுக்காகப் பிரிந்துபோகும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, துவைத்துக் காயவைத்த சணல் சாக்கை அளவாக வெட்டிச் சட்டங்களின்மேல் விரியுங்கள். ஈரத்தை அது குடிக்கும். இரண்டு துண்டு வைத்திருந்து பெட்டி பார்க்கும்போதெல்லாம் காய்ந்ததை மாற்றிப் போடலாம். அரிசிச் சாக்கு என்ற பெயரில் வரும் பிளாஸ்ரிக் சாக்கு இதற்கு ஆகாது.

மேல்மூடித் தகரம் விளிம்பில் ஒரு சென்ரிமீற்றர் மட்டுமே மடிந்திருக்கிறது. நேரே விழும் மழைக்கு அது போதும். வாடைக்காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையில், தகரத்தின் நுனியில் தங்கும் நீர் அடிப்பக்கமாக ஊர்ந்து பலகைக்குள் இறங்கும். மூடியைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு சாண் வெளியே நீளும்படி இரண்டு அடுக்குக் கிடுகை மேலே சாய்வாகக் கட்டுங்கள். தகரத்தில் மழை விழும் இரைச்சலும் குறையும், சித்திரை வெயிலுக்கும் அதுவே நிழல். 2008 கார்த்திகையில் வந்த நிஷா புயல் மாதிரி ஒன்று வந்தால் மூடியின்மேல் வைத்த செங்கல்லெல்லாம் காணாது. பெட்டியையும் தாங்கியையும் சேர்த்து ஒரு சுற்றுக் கயிறு, பக்கத்தில் இறுக்கி அடித்த இரண்டு கதியாலோடு இன்னொரு கட்டு. இது பத்து நிமிட வேலை.

அடிப்பலகையைப் புழு அறையோடு ஆணியடித்து ஒன்றாக்கியிருப்பதுதான் இந்தத் தொகுதியின் மிகப் பெரிய தவறு. தூக்கிப் பார்க்க உறுதியாகத் தெரியும், கடைக்காரரும் அதைத்தான் சொல்லி விற்பார். ஆனால் மெழுகுத் துகள், உதிர்ந்த மகரந்தம், செத்த தேனீ எல்லாம் விழுந்து சேருவது அடிப்பலகையில். அந்தக் குப்பையில்தான் மெழுகுப்புழு முதலில் வளரும். பிறகு சுரங்கம் தோண்டி வதைக்குள் ஏறும். வலை பின்னிய வதையை இந்தியத் தேனீ திருத்த நினைக்காது, கூட்டத்தோடு கிளம்பிவிடும். ஆகவே அடிப்பலகை தனியே கழன்று வர வேண்டும். வாங்கியதும் ஆணிகளைப் பிடுங்கி, அறையை அதன்மேல் சும்மா அமர்த்துங்கள். மாரியில் 10 நாளுக்கு ஒருமுறை அறையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, பலகையைச் சுரண்டித் துடைத்துத் திரும்ப வைக்கலாம். சுரண்டிய குப்பையை வேலியோரம் கொட்ட வேண்டாம், எரித்துவிடுங்கள்.

வாசலுக்கு முன்னே பத்துச் சென்ரிமீற்றர் நீட்டிய பலகை, தேனீ இறங்க வசதியானது. மழை நீர் அதில் தேங்கி உள்ளே போகாமல் இருக்கப் பின் கால்களுக்குக் கீழே ஏதாவது வைத்து, பெட்டி முன்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் சரியும்படி அமைக்க வேண்டும். முன்பின் சரிவு வதைக்குத் தீங்கு செய்யாது. இடம் வலமாகச் சரிந்தால்தான் வதை சட்டத்தை விட்டு விலகிக் கட்டப்படும். நீர்மட்டம் இல்லாவிட்டால் பாதி நிரப்பி மூடிய போத்தல் ஒன்றைக் கிடத்திப் பாருங்கள்.

வாசல் வடகிழக்கைப் பார்த்தால் வாடை நேரே உள்ளே அடிக்கும். தெற்கோ தென்கிழக்கோ நல்லது. ஆனால் ஒரே நாளில் திருப்பினால் வெளியே போன தேனீக்கள் பழைய வாசலைத் தேடி அலையும். புரட்டாதியில் தொடங்கி நாளுக்குக் கொஞ்சம், ஒரு கையகலத்துக்கு மேற்படாமல் திருப்பி வாருங்கள். வாசலின் அகலத்தை மூன்று, நாலு விரலுக்குக் குறைத்து மிச்சத்தை மரத்துண்டால் அடைக்கலாம். கூட்டம் சிறுத்திருக்கும் காலத்தில் குளவிக்கும் பல்லிக்கும் எதிராகக் காவல் நிற்க அது உதவும். வெளியே மேயப்போகும் தேனீயைப் பிடிக்க நீலவால் பஞ்சுருட்டானும் இந்த மாதங்களில்தான் வலசை வந்து மின்கம்பியில் குந்தியிருக்கும். அதற்கு எந்தப் பெட்டியும் மருந்தில்லை.

ராணித் தடுப்புத் தகடு பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. தகடு போட்டால் கூட்டம் ஓடாது என்று மாரி முழுவதும் அதைப் பூட்டியே வைக்கிறார்கள். புதுக் கூட்டத்தைப் பெட்டியில் ஏற்றிய முதல் சில நாள்களுக்கு அது சரி. தொடர்ந்து வைத்தால் மகரந்தக் கூடையோடு வரும் தேனீ துளையில் உரசி மகரந்தத்தை இழக்கும், வெளியேற முடியாத ஆண் தேனீக்கள் உள்ளே செத்து வாசலை அடைக்கும். பசியால் கிளம்பும் கூட்டத்தைத் தகடு பிடித்து வைக்காது, உள்ளேயே சாகவைக்கும். ஓடப்போகும் கூட்டம் முன்பே சொல்லிவிடும்: மகரந்தம் உள்ளே வருவது நிற்கும், புது முட்டை இருக்காது, ஓர வதைகள் வெறுமையாக இருக்கும். ராணி முட்டையிடுவதை நிறுத்திய பிறகும் மூடிய அறைகளில் இருக்கும் கூட்டுப்புழுக்கள் பொரிக்கும்வரை பெரும்பாலும் காத்திருக்கும். அந்த ஒரு கிழமை, பத்து நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் தவணை. உடனே தீனி வையுங்கள். வேறு பெட்டி இருந்தால் முட்டையும் புழுவும் உள்ள ஒரு வதையை அதிலிருந்து மாற்றுங்கள்.

தீனித்தட்டு, வெளிப்படையாகச் சொன்னால், வீண் பொருள். ஒரு லீற்றர் கொள்ளும் திறந்த தட்டு. நாலு சட்டக் கூட்டம் அதைக் குடித்து முடிக்க நாலைந்து நாள் எடுக்கும், அதற்குள் ஈரக்காற்றில் சீனிப் பாணி புளித்துவிடும். மிதவை தரவில்லை, தேனீ விழுந்து சாகும். ஜாம் போத்தல் மூடியில் சிறிய ஆணியால் எட்டுப் பத்துத் துளை குத்தி, 250 மில்லிலீற்றர் பாணியை நிரப்பி, சட்டங்களின்மேல் இரண்டு குச்சி வைத்து அதன்மீது கவிழ்த்து விடுங்கள். சாக்கைப் போத்தலின் அளவுக்கு வெட்டி இடம் விடுங்கள். போத்தலை மூட உயரம் தேவை என்பதால், வெறுமையான தேன் அறையை இதற்கு மட்டும் மேலே வைத்துவிட்டுப் பிறகு எடுத்துவிடலாம். போத்தல் கிடைக்காவிட்டால் சிரட்டையில் ஊற்றி மேலே நிறைய ஈர்க்குத் துண்டு போடுங்கள், அதுவும் வேலை செய்யும்.

பாணியின் அளவு: மாரிக்கு முன் சேமிக்க வைக்கும்போது ஒரு கிலோ வெள்ளைச் சீனிக்கு அரை லீற்றர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகே சீனியைப் போட்டுக் கரைக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கருக்கினால் தேனீக்கு வயிற்றுப்போக்கு. கட்டிப் பாணி ஏன் என்றால், அதிலுள்ள நீரை வற்றவைக்கத் தேனீ படும் பாடும் பெட்டிக்குள் சேரும் ஈரமும் குறையும். தை பிறந்து வெயில் கண்டபின், ராணியை முட்டையிடத் தூண்டக் கொடுப்பது சம அளவுப் பாணி. அரைக் கிலோ சீனிக்கு அரை லீற்றர் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 800 மில்லிலீற்றர் வரும், மூன்று முறைக்குக் காணும். சர்க்கரையோ (வெல்லம்) பனங்கட்டியோ போடாதீர்கள். நமக்கு எவ்வளவு நல்லதோ, அதிலுள்ள உப்புக்கள் அடைபட்டிருக்கும் தேனீயின் குடலுக்கு அவ்வளவு கெடுதி. பொழுதுபட்ட பிறகு வைக்க வேண்டும். பகலில் ஒரு துளி சிந்தினாலும் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும், எறும்பு அதற்கு முதல் வரும்.

எறும்பு என்றதும் அந்த நாலு கிண்ணங்கள். வறண்ட காலத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் முசுறு ஏறாது. மாரியில் இரண்டு பிழை: மழையில் நிரம்பி வழிந்து, விழுந்த இலை பாலமாகிவிடும், மற்றது நுளம்பு. டெங்குக் காலத்தில் தேங்கிய நீருள்ள பாத்திரத்தைச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் தேனீ வளர்ப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. நீருக்குப் பதில் கழிவு எண்ணெய் ஊற்றுகிறார்கள். மழை சேர்ந்தால் எண்ணெய்தான் முதலில் மிதந்து வழிந்து மண்ணில் போகும். காலில் கிண்ணத்துக்கு மேலே, குடைபோல ஒரு கவிழ்த்த பேணியைச் செருகிவிட்டால் மழை உள்ளே விழாது. இல்லையென்றால் கிண்ணத்தையே எடுத்துவிட்டு, கால்களில் நாலு விரல் அகலத்துக்குக் கிறீஸ் தடவி, கிழமைக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். வேலிக் கிளை எதுவும் பெட்டியைத் தொடக்கூடாது, ஒரு கிளை போதும் எல்லா வேலையையும் வீணாக்க.

தாங்கி உறுதியானது, முழங்கால் உயரம், தேரை எட்டாது. வலிகாமத்துச் செம்மண்ணில் நீர் விரைவாக இறங்கிவிடும், அங்கே அப்படியே வைக்கலாம். தென்மராட்சியில் வயலை அண்டிய வளவுகளில் மண் இளகிக் கால் புதையும், பெட்டி ஒரு பக்கம் சாயும். நாலு காலுக்கும் சீமெந்துக் கல் வையுங்கள். கடற்கரையை அண்டியவர்கள் ஒவ்வொரு ஆண்டும் துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்க வேண்டியிருக்கும்.

தேன் அறையை மாரியில் பெட்டியில் விட்டு வைக்காதீர்கள். ஆவணியோடு தேன் எடுப்பதை நிறுத்தி, அறையைக் கழற்றி, புழு அறையிலும் தேனீ மூடாத சட்டங்களை எடுத்துவிட்டு, மிச்ச இடத்தைத் தடுப்புப் பலகையால் மறிக்க வேண்டும். தொகுதியில் அந்தத் தடுப்புப் பலகை இல்லை! எட்டுச் சட்டப் பெட்டி விற்கிறவர் அதைத் தராமல் விட்டது ஆச்சரியம். சட்டத்தின் வெளியளவில் ஒரு சாதாரணப் பலகை வெட்டுவித்தால் போதும். எஞ்சிய சட்டங்களில் ஓரத்து இரண்டிலும் மேல் மூன்றில் ஒரு பங்காவது மூடிய தேன் இருக்க வேண்டும். எடுத்த வதைகளில் கறுத்துப் பழையதானதை உருக்கிவிடுங்கள். நல்லதைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். பிறகு அதே பையோடு வைத்திருக்கலாம். சேலைப் பெட்டிக்குப் போடும் பூச்சி உருண்டையை வதைக்குப் போடுவது கூடவே கூடாது. மெழுகு அந்த மணத்தை உறிஞ்சி அடுத்த ஆண்டுத் தேனுக்குக் கொடுக்கும்.

மழைக்குள் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. பின்பக்கத்தை ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பாரத்தை அறியப் பழகினால் பாதி விடயம் தெரியும். வெயில் எறிக்கும் ஒரு நாளில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஐந்து நிமிடம் திறந்து பார்த்தால் மிச்சம்.

ஆக, பலகைக்கும் சட்டத்துக்கும் மேல்மூடித் துளைக்கும் கொடுத்த காசு சரி. உள்மூடி, தீனித்தட்டு, கிண்ணம் மூன்றும் இல்லாமல் விலையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், சில பட்டறைகள் தருகின்றன. அந்தக் காசில் பல்வைத்த மூலையும் தடுப்புப் பலகையும் செய்விக்கலாம். ஆணி, சுத்தியல் பிடிக்கத் தெரியாதவர், பக்கத்தில் தச்சரும் இல்லாதவர், இதை இருக்கிறபடியே வாங்கி மாரிக்கு விடுவது நல்லதல்ல. மற்றவர்கள் ஆடியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். புரட்டாதியில் வாங்கினால் பசை காயவும் பெயின்ற் மணம் போகவும் நாள் இருக்காது, ஈரப் பெட்டிக்குள் ஈர மழை காலத்தில் கூட்டத்தை மாற்ற வேண்டிவரும்.